தோழிக்கு ஒரு மாஸ்க்

நூலகம்,
ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணன் மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை வழக்கம்போல் சட்டைப்பையில் வைத்துத் துவைக்கப் போடுகிறாரா?

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீடு சின்னது. அவரோ லிஃப்ட் மெக்கானிக். பக்கத்து அறையில் ஊசி விழுந்தால் எந்த ஊசி என்று சொல்லிவிடுவார். இது எனக்காகக் கேட்கும் விஷயமும் இல்லை. நூலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருத்திக்காகக் கேட்கிறேன்.

அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். அண்ணனுக்கு இருக்கிறதே, அதேதான். ராத்திரி மெஷின் வைத்து மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அவள் வாயைத் திறந்து தூங்குகிறவள். அப்படிப்பட்டவர்களுக்கு எந்த மாஸ்க் உறுத்தாமல் இருக்கும்? அண்ணனுக்கு வாங்கியது நீங்கள்தான் என்பதால் கேட்கிறேன்.

பாவம், அவள் நிரம்ப அவமானப்பட்டுவிட்டாள். போன வருடம் வெளியூர்ப் பயிற்சிக்குப் போனபோது, ஒரே அறையில் தங்கிய பெண்கள் அவள் குறட்டையைப் போனில் பதிவு செய்து, மறுநாள் சாப்பாட்டு மேஜையில் போட்டுக் காட்டினார்கள். "இனிமே கரண்ட் போனா கவலையில்ல, நம்மகிட்ட ஜெனரேட்டர் இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வது? நாள் முழுக்க "சத்தம் போடாதீர்கள்" என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவள் அவள்.

பதிலை நூலக விலாசத்துக்கே எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம். அவர் பிரித்துப் படிக்கிறவர் இல்லை, ஆனாலும் வேண்டாம்.

அண்ணனுக்கு என் அன்பு.

உங்கள் நாத்தனார்


கண்ணாடிக் கடை,
ஜனவரி 30

என் அருமை நாத்தனாரே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உன் அண்ணன் மாத்திரை போடுகிறார், ஏனென்றால் நான் எதிரே நிற்கிறேன்.

உன் தோழியைப் பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது. போனில் பதிவு செய்தவளின் மூக்கை ஒருநாள் என் கடைக்கு அனுப்பி வை. நன்றாக இறுக்கிப் பிடிக்கிற கண்ணாடியாகப் பார்த்து மாட்டி விடுகிறேன்.

மாஸ்க் கதையைக் கேள். உன் அண்ணன் முதலில் வாங்கியது மூக்கில் மட்டும் உட்காரும் குட்டி மாஸ்க். பார்க்க அடக்கமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டார். வாய் திறந்து தூங்குகிற ஆளுக்கு அது சரிப்படாது. மெஷின் மூக்கு வழியாகக் காற்றை உள்ளே அனுப்ப, வாய் அதை வந்த வேகத்தில் வெளியே அனுப்பிவிடும். விடியும்போது நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும், களைப்பும் போகாது. பிறகு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் வாங்கினோம். அது மீசை நுனியில் கசிந்தது. உன் அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கன்னம் வரை வளர்த்திருந்த அந்த மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்து, "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். ஊரெல்லாம் பார்க்கிற மூஞ்சியில் யாருக்குச் சொல்லாமல் இருப்பது?

இன்னொரு வகையும் உண்டு. மூக்குக்கு அடியில் உட்கார்ந்து, வாயையும் மூக்குத் துவாரத்தையும் மட்டும் மூடும். மூக்குத்தண்டைத் தொடாது. படுத்துக்கொண்டே கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்களுக்கு அது தோது. உன் தோழிக்குப் படிக்கிற பழக்கம் உண்டா?

மூக்கு அடைப்பு இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டச் சொல். அடைத்த மூக்குக்கு எந்த மாஸ்க்கும் உதவாது.

கடைசியாக ஒன்று. அவள் கல்யாணமானவளா?

உன் அண்ணி


நூலகம்,
பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அலமாரிகளுக்கு நடுவே நின்று படித்தேன். அண்ணனின் மீசையை நினைத்துச் சிரித்துவிட்டு, யாராவது கேட்டார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன்.

கல்யாணமானவள்தான். இப்போதுதான் ஆனது. இருவருக்கும் வயது கடந்து நடந்த கல்யாணம்.

உங்கள் யோசனை கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. அவள் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கிப் பரிசோதனை செய்துகொண்டாள். வீட்டில் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்க் வாங்கும் இடத்தில் ஒரு பையனைப் போன்ற இளம் டெக்னீஷியன், "வாயால மூச்சு விடுவீங்களா மேடம்?" என்று கேட்டான். பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். "இல்லையே" என்று சொல்லிவிட்டாள். மூக்கில் மட்டும் உட்காரும் குட்டி மாஸ்க்கைக் கொடுத்துவிட்டான். நீங்கள் எழுதியது போலவே நடக்கிறது. வாய் காய்ந்து விழிக்கிறாள். பகலெல்லாம் கண் சொருகுகிறது. திரும்பப் போய், நான் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் முதுகு வலி என்று சொல்லி, பின் அறையில், சத்தம் வெளியே கேட்காதபடி மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, தரையில் தனியாகப் படுக்கிறாள். கல்யாணமான புதிதில் அவர் தூங்கும்வரை விழித்திருந்து பார்த்தாள். அது எத்தனை நாளைக்கு முடியும்? மெஷினைத் துணிப்பெட்டியில் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். அவர் "முதுகுக்குத் தலைகாணி வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

வாய்க்கு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுத்தால் என்ன அண்ணி? அப்போது இந்தக் குட்டி மாஸ்க்கே போதுமே.

உங்கள் நாத்தனார்


லிஃப்ட் ஒர்க்‌ஷாப்,
பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். தாங்களும் மச்சானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணத்தன்று பேசியதற்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் நாத்தனார் நலம். கொஞ்சம் முதுகு வலி என்கிறாள்.

என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு யோசனை தேவைப்படுகிறது. பெண்கள் மனசு பெண்களுக்குத்தான் தெரியும் என்பதால் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

அந்த நண்பருக்கு மேல்வரிசைப் பற்கள் இல்லை. சின்ன வயதிலேயே வேலை செய்யும் இடத்தில் கீழே விழுந்ததில் போய்விட்டன. பல் செட் போட்டிருக்கிறார். பெண் பார்க்கப் போனபோது அதைச் சொல்லவில்லை. அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரியிலும் கழற்றுவதில்லை. ஈறெல்லாம் புண். ஒருநாள் காலையில் கழுவி டம்ளரில் போட்டவர், அதைக் குழாயடியில் மறந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் இடம் மாறியிருந்தது. மனைவி பார்த்துவிட்டாள். அந்த வாரமே அவள் படுக்கையைப் பின் அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லி ராத்திரி வீட்டில் இல்லை. மறுநாள் நண்பர் அவள் வேலை செய்யும் கட்டடத்துக்கு லிஃப்ட் பார்க்கப் போனார். பயிற்சி முடிந்து எல்லோரும் வந்தாச்சா என்று பேச்சுவாக்கில் கேட்டார். "என்ன பயிற்சி?" என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள்.

நண்பர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயப்படுகிறார். இப்படி இருக்கும் பெண் மனசு மாறித் திரும்புவாளா அக்கா?

இப்படிக்கு,
உங்கள் தம்பி முறை


கண்ணாடிக் கடை,
மார்ச் 6

அன்புள்ள மாப்பிள்ளைத் தம்பிக்கு,

கடிதம் கண்டதில் சந்தோஷம். மச்சான் உங்களை விசாரித்தார். மீசை இல்லாமல் விசாரித்தார், அது வேறு கதை.

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். பல் செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், ஈறுக்கு ஓய்வு வேண்டும் என்று எந்தப் பல் டாக்டரும் சொல்வார். புண்ணோடு பல்லைக் கடித்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்ற வேண்டாம்.

அவர் மனைவி டம்ளரை நகர்த்தினாள் என்றால் குழாயடியில் வேறு பாத்திரம் கழுவ இடம் வேண்டியிருந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாளோ இல்லையோ. பெண்கள் மனசு பெண்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்கிற உரிமை உங்கள் நண்பருக்கு மட்டும்தான் இருக்கிறது. கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் அக்கா


கண்ணாடிக் கடை,
மார்ச் 6

நாத்தனாரே,

முதலில் பிளாஸ்டரைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல். மூச்சு நிற்கிற வியாதிக்கு வாயையும் ஒட்டி வைப்பார்களா? மூக்கு அடைத்துக்கொண்டால் என்ன கதி? டாக்டரைக் கேட்காமல் அப்படி எதையும் செய்யக் கூடாது. தாடையைத் தூக்கிக் கட்டும் பட்டை ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

அந்த டெக்னீஷியனிடம் போய், "அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றால் போதும். கண் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு, பலகையில் உள்ள எழுத்துகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் என் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? அவர்களுக்கும் கண்ணாடி கிடைக்கிறது. தப்பான கண்ணாடி.

வாயையும் சேர்த்து மூடுகிறவற்றில் இரண்டு மூன்று வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும். பெரியது ஒன்று, மூக்குக்கு அடியில் உட்காருவது ஒன்று. நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, ஒருக்களித்துப் பார்க்க வேண்டும். பட்டையை இறுக்கக் கூடாது. இறுக்கினால் சதை மடிந்து இன்னும் கசியும்.

இனி சொல்வதை நன்றாகப் படி. அவளால் தனியாக இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. தூங்குகிறவளுக்குத் தன் வாய் எப்போது திறந்தது என்று எப்படித் தெரியும்? காற்று எந்தப் பக்கம் கசிகிறது, எந்த மாஸ்க்கில் மூச்சு சீராகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பார்க்க வேண்டும். உன் அண்ணனுக்கு நான் பார்த்தேன். அவளுக்கும் ஒருவர் இருக்கிறாரே. அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார், தலையணையை மட்டும் கொடுத்துவிட்டுத் தனியாகப் படுக்க?

உன் அண்ணி


நூலகம்,
ஏப்ரல் 9

அண்ணி,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோழி நான்தான். உங்களுக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் தோழி தோழி என்று எழுதி என் மானத்தைக் காப்பாற்றினீர்கள்.

போன வாரம் நூலகத்தில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டேன். திடுக்கிட்டு விழித்தபோது வாசிப்பு மேஜைகளில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்திருந்தது. மோவாயில் எச்சில். கையெழுத்துக்கு வந்த புத்தகம் நனைந்திருந்தது. தலைக்கு மேல் அந்தப் பலகை. யாரோ ஒருவர் அதைக் காட்டிக் கண்ணடித்தார்.

அதெல்லாம் போகட்டும். மேஜைக்கு எதிரே இவர் நின்றிருந்தார். கையில் டூல் பெட்டி. அன்று எங்கள் லிஃப்டைப் பார்க்க வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. எத்தனை நேரமாக நின்றாரோ. என் கண்ணைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேலை முடிஞ்சுது" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவள் என் மனைவி என்று அங்கே யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டிலும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பார்க்க அருவருப்பாக இருக்கும். எனக்கே இருக்கிறது. ஒரு பெண் இப்படியா தூங்குவாள்? கண்ணாடியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன் அண்ணி. ஏன் பார்த்தேன் என்று இருந்தது.

பெட்டியில் துணி எடுத்து வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் உங்களோடு வந்து இருக்கட்டுமா? அவர் போகாதே என்று சொல்வார் என்று தோன்றவில்லை.

உங்கள் நாத்தனார்


லிஃப்ட் ஒர்க்‌ஷாப்,
ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். பல் இல்லாத அந்த நண்பர் நான்தான். மன்னிக்க வேண்டும்.

போன வாரம் நூலகத்து லிஃப்ட் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. குறட்டை. குறட்டைக்கு நான் பயப்படுகிறவன் இல்லை. அது பாதியில் நின்றுவிட்டது. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒரு பதைப்பு வருமே, அப்படி இருந்தது எனக்கு. இறங்கி ஓடினேன். அவள்தான். மூச்சே இல்லை. தொட்டு எழுப்பக் கை நீட்டினேன். அதற்குள் பெருமூச்சு இழுத்து விழித்துக்கொண்டாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. நான் பார்த்தது அவளுக்குத் தெரியக்கூடாது என்று சட்டென்று திரும்பிப் போய்விட்டேன். பார்க்காதது போல் இருந்தால் அவளுக்கு நிம்மதி என்று நினைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து, மறுபடி அந்தச் சத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பல்லை மறைத்துக் கல்யாணம் செய்தவன். உங்கள் வீட்டுக்கு வந்தால் அவளை டாக்டரிடம் மட்டும் காட்டிவிடுங்கள் அக்கா. அந்த மூச்சு நின்றது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் தம்பி முறை


கண்ணாடிக் கடை,
ஏப்ரல் 20

நாத்தனாருக்கும் மாப்பிள்ளைத் தம்பிக்கும்,

இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உறையில் இருவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். சத்தமாகப் படித்தாலும் சரி.

நாத்தனாரே, இங்கே வராதே. வாசலில் நிறுத்தி வைக்க மாட்டேன், ஆனால் வராதே. மாப்பிள்ளைத் தம்பி, யோக்கியதை பற்றி என்னிடம் பேச வேண்டாம். உங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவள் நான். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

நீங்கள் இருவரும் எனக்குத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தோழி என்று, ஒருவர் நண்பர் என்று. எழுதியதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். இருவர் சொன்னதும் ஒரே மாதிரிக் கூச்சம் என்பது வரைக்கும் என்னால் சொல்ல முடியும். ஒருவர் நினைப்பதைப் போல மற்றவர் ஒரு நாளும் நினைக்கவில்லை. இதைத் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன்.

சொல்லி முடித்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. மாஸ்க் தேர்ந்தெடுக்கும் வேலை. அதற்கு ஒருவர் தூங்க வேண்டும். நல்ல காது உள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு விடுமுறை நாள் மதியம் போதும்.

உங்கள் அண்ணி, அக்கா


வீடு,
மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டு விலாசத்திலிருந்து எழுதுகிறேன், பாருங்கள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அண்ணனின் மீசை வளர்கிறதா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இருவரும் மாறி மாறிக் கடிகாரத்தைப் பார்த்தோம். "நான் முதல்ல" என்றார் அவர். வாயில் கையை வைத்து, மேல்வரிசையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கன்னம் உள்ளே போய் வேறு ஒருவரைப் போல இருந்தார். காது வரை சிவந்துவிட்டது. "நீ டம்ளர்ல பார்த்தேல்ல? அதான் நீ பின் ரூமுக்குப் போயிட்டியோன்னு..." என்றார். எந்த டம்ளர் என்று எனக்கு நினைவே இல்லை அண்ணி. ஈறில் இருந்த புண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால்தானே.

பிறகு நான் போர்வைக்கு அடியிலிருந்து மெஷினை எடுத்து வந்தேன். ஜெனரேட்டர் கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "நின்னு போனதுதான் எனக்குப் பயம். ஓடுற வரைக்கும் எனக்கென்ன?" என்றார்.

டெக்னீஷியனிடம் இருவருமாகப் போனோம். "அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது. இப்போதும் நினைத்தால் சுடுகிறது. டாக்டர் மூக்கைப் பார்த்து அடைப்புக்கு மருந்து எழுதினார். இரண்டு மாஸ்க் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள்.

ஞாயிறு மதியம் முன்னறையில் படுத்தேன். பெரிய மாஸ்க் என் மூக்குத்தண்டில் அழுத்தியது. அவர் காகிதக் கைக்குட்டையைக் கிழித்து ஓரத்தில் பிடித்துப் பார்த்து, கண் பக்கம் காற்று கசிகிறது என்றார். அடுத்து மூக்குக்கு அடியில் உட்காரும் மாஸ்க். பட்டையை நான் இறுக்கப் போனேன். "வுடு, நான் பார்க்கிறேன்" என்று தளர்த்தி விட்டார். பல் இல்லாமல் பேசுவதால் அவர் பேச்சு குழறுகிறது. அதைக் கேட்டுக்கொண்டே எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. கடைசியாக எனக்கு இருந்த நினைப்பு, இந்தக் கோலத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்பதுதான். கூச்சம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கூச்சத்தோடேயே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாக்கு காயவில்லை. தலை இத்தனை லேசாக இருந்து வருடக்கணக்காகிறது. பக்கத்தில் நாற்காலியில், எனக்குக் காவல் இருந்தவர் தூங்கிப்போயிருந்தார். தலை பின்னால் சாய்ந்து வாய் ஆவென்று திறந்திருந்தது. வெறும் ஈறு தெரிந்தது. கன்னத்தில் எச்சில் வழிந்திருந்தது.

கண் திறந்து என்னைப் பார்த்தால் கூசிப்போவாரே, ஓசைப்படாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அன்று நூலகத்தில் அவர் திரும்பிப் போனது ஞாபகம் வந்தது.

நான் போகவில்லை அண்ணி. மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் விழிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் நாத்தனார்